பெடலில் பிழையோ, காலில் பிழையோ

இப்போது பெடல் ஆடினால் பெடலையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டுகிறார்கள். குறை சொல்லவில்லை. கடையில் சாமான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். போன மாதம் மோட்டார் வேலைக்காரர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "ஐயா, எங்கடை மலருக்கு ஒரு கட்டுரை வேணும், அந்தக் காலத்து வேலையைப் பற்றி எழுதித் தாங்கோ" என்றார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத என்னால் ஏலாது. அப்போதும் இரும்பு கறள் பிடித்தது, ஆட்கள் பொய் சொன்னார்கள். ஆனால் பெடலுக்குள் போகும் ஒரு சின்னப் புஷ் பற்றி எழுதலாம். அந்தப் புஷ்ஷை நான் திறமாகத்தான் செய்தேன். அதற்குப் பூசிய எண்ணெயில் பிழை விட்டேன், அதைவிடப் பெரிய பிழையைப் பிறகு ஒரு மூன்று நாள் விட்டேன்.

நான் வேலை பழகியது கொழும்பில். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கட்டின சாரத்தோடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கி, ஆவணியில் வேலணையில் அம்பலவாணர் முதலாளியின் கராச்சில் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க நட்டு கழுவினேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கராச்சுக்கு வருவார், பின்னேரம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். கையால் எதையும் தொடமாட்டார் என்று சனம் பகிடி பண்ணும். அவர் காலால் தொடுவார். ஒரு கார் பெடல் குறையோடு வந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி இருந்து, வலது பெருவிரலால் மூன்று சோதனை செய்வார். முதலில் பெடலை அமத்துவார். பிறகு பக்கவாட்டில் தள்ளுவார். கடைசியாகப் பெருவிரலைப் பெடலுக்குக் கீழே கொடுத்து மேலே தூக்குவார். இறங்கி வந்து, எந்தப் புஷ் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, அவருடைய 'நீர்'. என்னையும் நீர், கிராம சேவகரையும் நீர், பெண்சாதியையும் நீர். கோபம் வந்தால் மட்டும் 'நீங்கள்' என்பார். மற்ற மனிதர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும், இவருக்குக் கூடும். ஒருமுறை ஒரு லொறிக்காரர் தான் மாற்றின பழைய சாமானைப் புதிது என்று அடித்துச் சொன்னபோது, "நீங்கள் சொன்னால் சரிதான்" என்றார் முதலாளி. அந்த மனிதர் பிறகு வேலணைப் பக்கம் லொறி கொண்டு வரவேயில்லை. நான் சேர்ந்து மூன்றரை வருடம் அந்த 'நீங்கள்' என் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டேன்.

எண்ணெய்க்கும் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வேலை மேசைக்கு மேலே யன்னலோரம் ஒரு கண்ணாடித் துண்டு எப்போதும் கிடக்கும். பெயர் தெரியாத எண்ணெய் எது வந்தாலும் அதில் ஒரு சொட்டுத் தடவி மூன்று நாள் விடவேண்டும். "எண்ணெய் எண்டால் மூண்டாம் நாளும் எண்ணெயாய் இருக்கவேணும்" என்பார். இது எனக்கு மனப்பாடம். அதனால் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல ஏலாது.

எண்பத்தேழாம் ஆண்டு. அரசாங்கத்தின் தடையால் பெற்றோல், கிறீஸ், உதிரிப்பாகம் எல்லாம் வரத்து நின்றிருந்த மாதங்கள். பங்குனிக் கடைசியில் ராசையா அண்ணை தன்னுடைய ஏ போட்டி என்கிற பழைய A40 காரைக் கொண்டுவந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. புங்குடுதீவுக்காரர். குறிகட்டுவான் துறையில் காரை நிறுத்தி வைத்திருந்து, நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வள்ளத்தில் வந்திறங்கும் ஆட்களை ஏற்றி ஓடுவதுதான் அவருடைய சீவியம். அந்தக் காரை ஓட்டித்தான் இரண்டு மகள்மாரைக் கரைசேர்த்தார். மூன்றாவது மகள் மிச்சம். நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது. எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லோரையும் போல வெறுங்காலோடுதான் ஓட்டுவார், செருப்பு பக்கத்து இருக்கையில் இருக்கும்.

"தம்பி, பிறேக் பெடல் வெறிகாரன் மாதிரிச் சரிஞ்சு நிக்குது. கிளச்சோட முட்டுது" என்றார்.

அந்தக் காரின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கிளச் பெடலுக்கும் பிறேக் பெடலுக்கும் ஒரே தண்டு. இடது காலால் மிதிக்கிற கிளச் பெடல் அந்தத் தண்டோடு இறுகி நிற்கும், மிதித்தால் தண்டும் சேர்ந்து திரும்பும். வலது காலால் மிதிக்கிற பிறேக் பெடல் அதே தண்டில் தளர்வாகச் சுழலும். தண்டுக்கும் பிறேக் பெடலின் துவாரத்துக்கும் இடையில் ஒரு வெண்கலக் குழாய் இருக்கும், அதுதான் புஷ். அது தேய்ந்தால் பெடல் சரியும். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையில் கடலுக்கு நடுவே போகிற பாலத்து உப்புத் தண்ணீர் அடியில் தெறித்துத் தெறித்து, தீவுப்பகுதிக் கார்களில் இது சீக்கிரம் தேயும்.

காருக்குக் கீழே நின்று வேலை செய்கிற குழிக்குள் இறங்கி, சுருளைக் கொழுவியிலிருந்து எடுத்து, ஊசிகளை உருவி, தண்டை மரக்கட்டை வைத்துத் தட்டிக் கழற்றினேன். பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்கக்கூடாது, பெடலின் காது வெடித்துவிடும். ஒரு நீட்டுப் போல்ட், ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சின்ன வாசர், மற்றப் பக்கம் புஷ்ஷைவிடப் பெரிய குழாய்த் துண்டு. நட்டை முறுக்க முறுக்க, புஷ் ஓசையில்லாமல் குழாய்க்குள் வந்து சேரும். வந்தது ஒரு பக்கம் கடதாசி போலத் தேய்ந்திருந்தது. தண்டில் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டியது. தண்டுக்குப் பற்றுவைத்து, கடைச்சல் இயந்திரத்தில் பிடித்து மட்டமாக்கினேன்.

புதுப் புஷ்ஷுக்கு வெண்கலம் இல்லை. கராச்சின் பின்பக்கம் உடைந்த வள்ள இயந்திரம் ஒன்று கிடந்தது, அதன் தண்டு உறை நல்ல வெண்கலம். கரண்ட் இருந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அதை வெட்டிக் கடைந்தேன். புஷ்ஷுக்கும் தண்டுக்கும் இடையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒன்று நுழையும் அளவு விடவேண்டும் என்பது முதலாளியின் கணக்கு. நான் அதைவிட இறுக்கமாக வைத்தேன். கை திறம் என்று காட்டுகிற வயது. பெடல் துளியும் ஆடவில்லை. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

கிறீஸ் இல்லை. ராசையா அண்ணை காரின் பின்பெட்டியைத் திறந்து ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்தார்.

"எழுவைதீவில இருந்து மச்சான் தந்து விட்டவன். சுறா எண்ணெய். காணுமோ?"

தீவுப்பகுதியில் பிறந்த எவனும் காணாது, போதாது என்று சொல்லமாட்டான். கதவுப் பிணைச்சலுக்கும் சுறா எண்ணெய், வண்டில் அச்சுக்கும் சுறா எண்ணெய், கிணற்றுக் கப்பிக்கும் அதுதான். மணத்தைப் பார்த்தேன், மூக்கைப் பொத்த வைக்கிற அதே மணம். முதலாளி அன்று யாழ்ப்பாணம் போயிருந்தார். கண்ணாடித் துண்டு என் தலைக்கு மேலே யன்னலில் கிடந்தது. ராசையா அண்ணைக்கு விடியக் காலமை வள்ளத்துக்குக் கார் வேண்டும். "ஓம் அண்ணை, தாராளமாய்க் காணும்" என்று சொல்லிப் பூசிவிட்டேன்.

அந்த மச்சான் வள்ளக்காரன். வள்ளத்துப் பலகைக்குப் பூசுவதற்காகக் குங்கிலியம் போட்டுக் காய்ச்சின எண்ணெய் அது. பலகையின் இடுக்குகளில் காய்ந்து இறுகி, தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் அதன் வேலை. நான் அதை ஆடவேண்டிய இரும்புக்குப் பூசினேன். மச்சான் என்ன தொழில் என்று கேட்டிருந்தால் ராசையா அண்ணை சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

தினமும் ஓடினவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெற்றோல் சுத்தமாக இல்லாமல் போய், கார் இரண்டு கிழமை வீட்டில் நின்றது. வைகாசியில் கொஞ்சப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் சேர்த்துக்கொண்டு ராசையா அண்ணை மறுபடி துறைக்குப் போனார். நயினாதீவு வள்ளத்தில் வந்த மனோன்மணி ரீச்சரை ஏற்றிக்கொண்டு வேலணைக்கு வந்தார். புங்குடுதீவுப் பாலம் முடிந்து றோட்டு வளைகிற இடத்தில் கச்சான் காற்று மணலை அள்ளிக் கொட்டியிருந்தது. கியர் குறைப்பதற்காகக் கிளச்சை மிதித்தார். கார் பிறேக் பிடித்ததுபோல இறுகி, மணலில் வழுக்கி, றோட்டை விட்டு இறங்கி முழங்கால் அளவு கடல் தண்ணீரில் போய் நின்றது. ரீச்சருக்கு இடது கை முறிந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக் காரைக் கராச்சில் விட்டார்கள். ராசையா அண்ணையும் கூட வந்தார். சேட்டு முழுக்கச் சேறு.

"தம்பி, நான் இடது காலாலை மட்டும்தான் மிதிச்சனான். சத்தியமாய். ஆனா ரீச்சர் சொல்லுறா நான் ரெண்டு காலாலையும் ஒண்டாய் மிதிச்சுப்போட்டன் எண்டு. எல்லாரும் அதைத்தான் சொல்லுதுகள்." குரலைக் குறைத்தார். "வலது உள்ளங்கால் இப்ப கொஞ்ச நாளாய் மரத்துக் கிடக்கு. மிதிச்சனோ இல்லையோ எண்டு எனக்கே வடிவாய்த் தெரியேல்லை. நீர் கழட்டிப் பாத்துச் சொல்லும். பெடலில பிழையோ, காலில பிழையோ?"

"பாக்கிறன் அண்ணை" என்றேன்.

"வரேக்கையே கியர் மாத்திற நேரமெல்லாம் கார் பின்னுக்கு இழுத்தது. மண்ணெண்ணெய்க் குணம் எண்டு விட்டிட்டன்."

அவர் போனதும் கழற்றினேன். கழற்ற முன்பே தெரிந்தது. கையால் கிளச் பெடலை அமத்த, பிறேக் பெடலும் அதோடு கீழே போனது. தண்டை உருவ அரை மணித்தியாலம் எடுத்தது. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் இடையில் தேன் நிறத்தில் பிசின், வள்ளத்துப் பலகையில் குங்கிலியம் காய்ந்து கிடக்கிற அதே பிசின். நான் வைத்த இறுக்கமும் சேர்ந்து இரண்டு பெடலையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தண்டையும் புஷ்ஷையும் துடைத்து வெள்ளையாக்கினேன். துடைத்தபிறகுதான், அவர் காலில் பிழையில்லை என்பதற்கிருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டேன் என்று விளங்கியது. காரில் கிடந்த பேணியில் மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி வைத்தேன். அது ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. நானாகச் சொல்லத் துணிவில்லை, எண்ணெயாவது சொல்லட்டும் என்று நினைத்திருக்கலாம்.

புதன்கிழமை ராசையா அண்ணையின் மூத்த மருமகன் வந்தார். மாமா இனி ஓடமாட்டாராம். சாவகச்சேரியிலிருந்து ஒரு ஆள் வெள்ளிக்கிழமை வந்து காரை உடைக்கிறதுக்கு எடுக்கப்போகிறாராம். "மாமாவுக்குக் கால் சரியில்லை எண்டு எங்களுக்கு முந்தியே தெரியும். இனி ஆர் அவரை நம்பி ஏறுவினம்?" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடமாகக் கிடந்தது. சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நம்புவீர்களோ தெரியாது. உண்மையில் நன்றாகச் சாப்பிட்டேன், அதுதான் எனக்கு வெட்கம்.

வியாழக்கிழமை காலை முதலாளி யன்னலோரம் வந்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். வழக்கத்துக்கு மாறாகக் கைவிரலை வைத்தார். விரல் ஒட்டியது. பிய்த்தெடுத்து மணந்து பார்த்தார்.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான் முதலாளி."

"எந்தக் காருக்குப் பூசினது?"

அவர் முகத்தைப் பார்க்காமல் ஏ போட்டியைக் காட்டினேன்.

"எப்ப கண்டு பிடிச்சது?"

"செவ்வாய்க்கிழமை."

வேட்டித் தலைப்பில் விரலைத் துடைத்தார். அந்த வெள்ளை வேட்டியில் அழுக்குப் பட்டு நான் கண்டது அன்றுதான்.

"நாளைக்குக் காரை உடைக்க வருகினமாம்" என்றார். "நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ."

கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடித் துண்டைப் பழைய பேப்பரில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புங்குடுதீவுக்குப் புறப்பட்டேன். பாலம் முழுக்க எதிர்க்காற்று. கார் இறங்கின இடத்தில் சில்லுத் தடத்தை மணல் பாதி மூடியிருந்தது. அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன்.

ராசையா அண்ணை முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தார். வலது காலைத் தூக்கி இடது தொடையில் வைத்து, உள்ளங்காலை ஈர்க்கினால் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்திருந்தது.

"வாரும் தம்பி. இஞ்சை பாரும், கோட்டுக்கு இந்தப் பக்கம் கீறினால் தெரியுது. அந்தப் பக்கம் தெரியேல்லை. பிறேக் மிதிக்கிறது அந்தப் பக்கத்தாலை." சிரிக்கப் பார்த்தார். "முப்பது வருசம் ஓடின காலப்பா. கடைசியில ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர கையை முறிச்சுப்போட்டுது."

"அண்ணை, காலில பிழையில்லை" என்றேன். "பிழை என்னில."

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், குங்கிலியம், இறுக்கம், இரண்டு பெடலும் ஒட்டியது, நான் துடைத்தது. கண்ணாடியைக் கொடுத்தேன். விரலை வைத்துப் பார்த்தார். எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் இடது காலாலை மட்டும்தான் மிதிச்சனான்."

"ஓம் அண்ணை."

"ஒரு காலாலைதான்."

"ஓம்."

அவர் குசினிப் பக்கம் திரும்பி, "எணேய், கேட்டியே? நான் சொன்னதுதான் சரி" என்று பெண்சாதியைக் கூப்பிட்டார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அதன்பிறகுதான் ராசையா அண்ணை என்னைப் பார்த்தார்.

"உமக்கு இது எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை, அண்ணை."

கண்ணாடியை நிலத்தில் வைத்தார். அதுவரை இருந்த முகம் மாறிவிட்டது. "எண்ணெயை விடும். அதை நானும்தான் தந்தனான். ஆனா ரெண்டு இரவு, தம்பி. ரெண்டு இரவு இந்தக் காலை வெட்டி எறியோணும் போல கிடந்தது எனக்கு. நீர் அங்கை தெரிஞ்சு கொண்டு இருந்திருக்கிறீர்."

"சாவகச்சேரியானுக்கு வரவேண்டாம் எண்டு ஆள் அனுப்ப வேணும்" என்று பெண்சாதியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "நீர்தான் திருப்பிப் பூட்டவேணும். வேற ஆரும் கைவைக்கக் கூடாது. ரீச்சரிட்டையும் போய் உம்மடை வாயாலை சொல்லும்" என்றார்.

அடுத்த வள்ளத்தில் நயினாதீவுக்குப் போய்ச் சொன்னேன். ரீச்சர் மாக்கட்டுப் போட்ட கையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஊர் முழுக்க அவருக்கு வயது போட்டுது எண்டு சொல்லிப்போட்டன். இனி அதைத் திருத்திச் சொல்லவும் நான்தான் ஊர் முழுக்கப் போகவேணும்" என்றார். போனார் என்றுதான் கேள்விப்பட்டேன்.

புஷ்ஷைத் திரும்பக் கடைந்தேன், வெள்ளித்தாள் அளவு விட்டு. முதலாளி தன் வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கடைசி டின் கிறீஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பூட்டி முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அமத்தினார். தள்ளினார். பெருவிரலால் தூக்கினார். இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, "ராசையாவைக் கூப்பிடும். முதல் நீர் ஒருக்கால் ஓடிப் பாரும்" என்றார். அந்த 'நீரை'க் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது, குழிக்குள் சாவி விழுந்துவிட்டதென்று இறங்கிவிட்டேன்.

ராசையா அண்ணையின் காலில் மரப்பு இருந்தது உண்மை. அதை மறந்துவிட்டு எழுத விரும்பவில்லை. பெடலில் பிழை என்றுதான் நான் சொன்னேன், கால் நல்ல கால் என்று சொல்லவில்லை. அதன்பிறகு அவர் அடிக்கடி செய்தது ஒன்று: காரில் ஏறியதும் குனிந்து கையால் பிறேக் பெடலை ஒருமுறை அமத்திப் பார்ப்பார். பிறகுதான் காலை வைப்பார். தொண்ணூறில் இராணுவம் வந்து நாங்கள் எல்லோரும் தீவை விட்டு வெளிக்கிடும்வரை ஓடினார், மூன்றாவது மகளின் கலியாணத்துக்கும் அந்தக் கார்தான் ஓடியது. கார் அங்கேயே நின்றுவிட்டது. முதலாளி யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை அறையில் காலமானார்.

தொண்ணூற்று நாலில் ஒருநாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு முன்னால் பின்னாலிருந்து யாரோ "தம்பி" என்றார்கள். ராசையா அண்ணை. கக்கத்தில் ஊன்றுகோல். வலது கால் முழங்காலோடு இல்லை.

"சீனி" என்றார், நான் கேட்க முன்பே. "காலை எடுக்கக் கையெழுத்து வைக்கேக்க மனிசி குழறினவள். நான் சொன்னனான், அழாதை, போறதுதான் போகுது, ஒரு குற்றமும் செய்யாமல் போகுது எண்டு."

பஸ் இல்லை. மகள் வீடு கொக்குவிலில். என் சைக்கிள் கரியரில் ஏற்றி, ஊன்றுகோலைப் பாரில் கட்டிக்கொண்டு உழக்கினேன். தட்டாதெருச் சந்தி தாண்டும்வரை பேசாமல் வந்தார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"பிறேக் பிடிக்குமோ?"

"பிடிக்கும் அண்ணை."

"என்ன எண்ணெய் பூசினனீர்?"

"கண்ணாடியில மூண்டு நாள் வைச்சுப் பாத்தது" என்றேன்.